ஜெயசித்ரா 6x4

ராஜபாளையத்தில் தன் துப்பறியும் அலுவலகத்தில் பரிபூரணம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கதவு தட்டப்பட்டது. உள்ளே ஒரு கை புளியோதரை. ஒருத்திக்கு மட்டும் சமைக்கிறவளுக்கு அதற்கு மேல் சமைக்கத் தோன்றாது. மூடி வைத்தாள்.

வந்தவள் ஜெயசித்ரா, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. மேஜையில் ஒரு பென்டிரைவையும், டைப் அடித்த புகார் மனுவையும் வைத்தாள்.

"எங்கப்பா மேல, மேடம். மூணு மணிக்கு மகளிர் ஸ்டேஷன்ல குடுக்கப் போறேன். அதுக்கு முன்னால நீங்க ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

அப்பா தவசிமுத்து, இதே ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் அவர் பேச்சை மீறி ரோஷனைக் கட்டிக்கொண்டு போன ஆறு வருஷமாக ஒண்டிக்கட்டை.

"'அந்தப் பய'ம்பாரு. எங்க வீட்டுக்காரர் பேரு அவரு வாயில வந்ததே இல்ல. நேத்து கூரியர்ல இது வந்துச்சு. லெட்டர் இல்ல. போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்."

பரிபூரணம் பென்டிரைவைக் கணினியில் செருகினாள். ஒரே ஒரு ஃபைல். 'ஜெயசித்ரா 6x4'. புள்ளிக்குப் பின்னால், சிடிஆர். முப்பத்தெட்டு எம்பி. அந்தக் கணினியில் திறக்கவில்லை.

உதவியாளர் இசக்கிமுத்து துள்ளி எழுந்தார். ரிட்டையர்டு ஏட்டு, தொப்பி போனாலும் துடிப்பு போகவில்லை. "சிடிஆரா! மேடம், போன்ல யாரு யாருகிட்டப் பேசுனாங்கிற பட்டியலுக்கு ஸ்டேஷன்ல அதான் பேரு. மகளை வேவு பாத்திருக்காரு மனுசன். ஆறாம் மாசம் நாலாம் தேதி எடுத்தது!"

"வக்கீல் குமாஸ்தாவும் அதையேதான் சொன்னாரு," என்றாள் ஜெயசித்ரா.

"ஏட்டையா, அந்தப் பட்டியல் ஸ்டேஷனுக்கு எந்த ஃபைல்ல வரும்?"

"எக்செல்ல."

"அப்போ புள்ளிக்குப் பின்னால எக்செல்லோட எழுத்துல்லா இருக்கணும்? சிடிஆர்ங்கிறது அந்தப் பட்டியலுக்கு நீங்க வச்ச பேரு. இங்க அது ஃபைலோட வால்."

இசக்கிமுத்து மண்டையைச் சொறிந்தார்.

"வெறும் நம்பர் பட்டியல் முப்பத்தெட்டு எம்பி கனக்காது. தேதிக்கு நடுவுல யாரும் பெருக்கல் குறி போடவும் மாட்டாங்க. ஆறுக்கு நாலு, அடிக்கணக்கு. வாங்க, ரெண்டு கடை தள்ளிப் போவோம்."

ரெண்டு கடை தள்ளி ஃப்ளெக்ஸ் கடை. டிசைனர் பானுப்பிரியா ஃபைல் பெயரைப் பார்த்ததுமே சிரித்தாள். "இது நான் பண்ணுனதுக்கா! பேனர் டிசைன் பண்ணுற கோரல்டிரா ஃபைலுக்கு வால் இதான். பேனரை வாங்க வாரவுக பேர்லதான் சேவ் பண்ணுவோம். மக வந்து வாங்கிக்கிடுவான்னு அந்தப் பெரியவரு சொன்னாரு. பொறவு, எந்த ஊர்லயும் அடிக்கிற மாதிரி பென்டிரைவ்ல கேட்டு வாங்கிட்டுப் போனாரு."

திறந்தாள்.

'கண்ணீர் அஞ்சலி.' நடுவில் தவசிமுத்துவின் முகம்.

"அப்பா!" ஜெயசித்ரா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"பதறாத தாயீ," என்றாள் பரிபூரணம். "மறைவுங்கிற இடத்தைப் பாரு. மாசமும் வருஷமும் இருக்கு, இந்த நவம்பர்தான். தேதி மட்டும் காலி."

"அப்படின்னா... ஏதாவது பண்ணிக்கிடப் போறாரா?"

"முடிவு பண்ணுனவருக்குத் தேதி தெரிஞ்சிருக்கும். இவரு பயந்துபோயிருக்காரு. ஏன்னு அந்த போட்டோவோட மூலை சொல்லுது."

பானுப்பிரியா படத்தைப் பெரிதாக்கினாள். தோள்பட்டைக்கு மேல் ஊதா மையில் அரை வட்டம், முத்திரையின் பாதி. மதுரை ஆஸ்பத்திரி ஒன்றின் பெயர்.

"ஆமாக்கா, வேற போட்டோ இல்லைன்னு ஏதோ பாரத்துல ஒட்டியிருந்ததைத்தான் ஸ்கேன் பண்ணச் சொன்னாரு."

இசக்கிமுத்து தம் பழைய ஸ்டேஷன் குரலில் அந்த ஆஸ்பத்திரிக்கு போன் போட்டார். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. நாளை காலை இதய ஆபரேஷன். கூட இருக்க ஆள் யாருமில்லை. வார்டு நம்பரை அந்தப் புகார் மனுவின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்.

ஜெயசித்ரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே..."

"கூப்பிட்டுத்தான் இருக்காரு. அடி வரியைப் படி."

'இவண்: மகள் ஜெயசித்ரா, மருமகன் ரோஷன்.'

அவள் விரல் 'மருமகன்' என்ற சொல்லின் மேல் நின்றது. பிறகு போனை எடுத்தாள். "ரோஷன், நம்மூரு பஸ் ஸ்டாண்டுல வந்து நில்லு. மதுரை பஸ்ல வாரேன், நீயும் ஏறிக்கோ. அப்பா... ஒன் பேரை எழுதியிருக்காரு."

மனுவை மடித்து எடுத்துக்கொண்டு ஓடியவளிடம் பரிபூரணம் சொன்னாள்: "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு."

யாரிடமும் அப்படிக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

"ஃபைலை அழிச்சிரவாக்கா?" என்றாள் பானுப்பிரியா.

"இந்த மாசம் முடியுற வரைக்கும் இருக்கட்டும். தேதி போட யாரும் வரலைன்னா அழிச்சிரு."

சாயங்காலம் இசக்கிமுத்து வீட்டுக்குக் கிளம்பிப் போனார். பரிபூரணம் காய்ந்த புளியோதரையைப் பிசைந்தபடி, தன் கண்ணீர் அஞ்சலியில் இவண் என்று போட்டால் அப்புறம் யார் பெயரைப் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

"மேடம், சேந்துட்டோம். எங்களைப் பாத்ததும் அப்பா ஒண்ணுதான் கேட்டாரு: மருமகன் சாப்பிட்டாரான்னு."

"சாப்பிட்டாரா?"

"இப்பத்தான் ரெண்டு பேருமாச் சாப்பிடுதாவ."

"சரிம்மா."

வைத்தாள். அன்று அதன்பிறகு அந்த போன் அடிக்கவில்லை.