ஒன்று கூட்டிக் காட்டும்

மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கணக்கு அவளுக்கு உறைத்தது. மூன்றில் ஒன்று போனால் இரண்டு.

குழாயை மூடினாள். கையில் சோப்பு நுரை வழிந்து முழங்கைக்கு இறங்கியது.

காலை பத்தேகாலுக்கு வந்த புகார் அது. ‘நான் தனியாகத்தான் இருக்கிறேன். மூன்று பேர் என்று காட்டுகிறது’ என்பது முதல் வரி. அதைத் தாண்டி அவள் படிக்கவில்லை. புகாருக்குப் பதில் அனுப்பும் இந்த வேலையில் யாரும் முழுதாகப் படிப்பதில்லை. ஒரு நாளைக்கு இருநூறு புகார். முதல் வரியைக் கண் பார்த்ததும் கை தானாகப் பதில் எண்ணைத் தட்டிவிடும்.

அவர்களுடைய நிறுவனம் விற்பது பந்து உருட்டும் ஒரு விளையாட்டு. பாதி பந்து, மீதி குறும்பு. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது திரை விரிசல் விட்டதுபோல் காட்டும். இடமும் வலமும் மாறிப்போகும். சேர்த்த புள்ளியெல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லி, ஆள் பதறி முடித்ததும் ‘ஏமாந்தாயா?’ என்று சிரிக்கும். மொத்தம் முப்பத்தொரு குறும்பு, முப்பத்தொரு தயார்ப் பதில். ஏமாறுவதற்கென்றே விளையாட்டை வாங்கி, ஏமாந்ததும் புகார் எழுதுகிற ஜனங்களை நினைத்து முதல் மாதம் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு வருடத்தில் சிரிப்பும் வற்றிவிட்டது.

பத்தொன்பதாவது குறும்பு, ஆள் எண்ணுவது. விளையாட்டு கேமராவைத் திறந்து, தெரிகிற முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் போடும். பிறகு, யாருமே இல்லாத இடத்தில் இன்னொரு கட்டம் போட்டு, ‘இந்த அறையில் இருப்பவர்கள்: 2’ என்று சொல்லும். அவ்வளவுதான். தனியாக இருப்பவர்கள் அலறிவிடுவார்கள். அவர்களுக்குப் பத்தொன்பதாம் பதில் போகும்: ‘பயப்பட வேண்டாம், நண்பரே. அங்கே யாரும் இல்லை. இது வெறும் விளையாட்டு.’

ஒன்று கூட்டிக் காட்டும். தனியாக இருப்பவருக்கு இரண்டு. மூன்று எப்படி வரும்?

அந்தக் குறும்பை எழுதிய புரோகிராமர் சன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். எந்நேரமும் அரைக்கண் மூடியே இருப்பதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

“ஒரே ஆள் இருந்தா மூணு காட்டுமா?” என்று கேட்டாள்.

“காட்டாது. எத்தனை முகமோ, அதோட ஒண்ணு. ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கேன், அதுல தப்பு வர இடமே இல்ல.”

“அந்தப் பொய்க் கட்டம் எங்க வரும்?”

“வலது பக்க மேல் மூலையில. எப்பவும் அங்கதான். இடம் மாத்தி மாத்திப் போடச் சொன்னாங்க, எனக்குச் சோம்பேறித்தனம்.” கொட்டாவி விட்டான். “சுவத்துல போட்டோ ஏதாவது மாட்டியிருக்கும். அதையும் முகம்னு எண்ணிடும்.”

போட்டோ. இது தோன்றவில்லையே என்று தலையில் தட்டிக்கொண்டு இருக்கைக்குத் திரும்பினாள். மனசு லேசாகிவிட்டது. சும்மா பார்த்துவிடலாம் என்று அந்தப் புகாரைத் திறந்தாள்.

எழுதியவர் ஒரு தையற்காரப் பெண். படமும் அனுப்பியிருந்தார். தையல் இயந்திரம், கழுத்தில் அளவு நாடா, ஐம்பது வயது முகம், முகத்தைச் சுற்றிக் கட்டம். வலது மேல் மூலையில் பொய்க் கட்டம். மூன்றாவது கட்டம் அவருடைய தோளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் இருந்தது. சுவரில் போட்டோ இல்லை. காலண்டர் இல்லை. சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் இடமும் ஓர் ஆணியும் மட்டும். ஆணிகூடக் கட்டத்துக்கு வெளியேதான் இருந்தது.

படத்துக்குக் கீழே, அவள் படிக்காமல் விட்ட வரிகள்.

‘முதலில் என் தங்கைக்குத்தான் மூன்று காட்டியது. அவள் பயந்துபோய் வந்து காட்டினாள். அங்கே யாரும் இல்லை போடி, வெறும் விளையாட்டு என்று நான்தான் சமாதானம் சொன்னேன். அந்த நிமிடமே அவளுக்குச் சரியாகிவிட்டது. அன்று முதல் எனக்கு மூன்று. தயவுசெய்து சமாதானம் சொல்ல வேண்டாம். என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்.’

அதற்குக் கீழே அவளுடைய பத்தொன்பதாம் பதில். பத்து பதினாறுக்குப் போயிருந்தது. அதற்கும் கீழே ஐந்து நட்சத்திரமும் ஒரு வரியும்: ‘நீங்கள் சொன்னவுடனே போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.’

ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் யாரும் இதுவரை அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

பெண்கள் கழிப்பறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்க்கக்கூடாது, கண்ணாடியில் தெரியும் முகத்தையும் எண்ணிவிடும் என்று, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு தன் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். பினாயில் வாடை மூக்கில் ஏறியது. மேலே எங்கோ தொட்டியில் தண்ணீர் நிரம்புகிற ஓசையும், அது நின்றபின் குழாயிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுகிற ஓசையும், வெளியே யாரோ கை உலர்த்திவிட்டுப் போகிற ஓசையும் கேட்டன. பந்தை உருட்டினாள். மூன்றாவது சுற்று தாண்டியதும் கேமரா திறந்தது.

‘இந்த அறையில் இருப்பவர்கள்: 3.’

பின்னால் வெள்ளை ஓடு. வேறு எதுவும் இல்லை. செல்போனை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினாள். மூலையில் இருந்த பொய்க் கட்டம் திரையோடு சேர்ந்து நகர்ந்தது. மூன்றாவது நகரவில்லை. ஓட்டின்மேல், அவள் தோள் உயரத்தில், இருந்த இடத்திலேயே நின்றது. அதன் ஓரங்கள் லேசாகச் சுருங்கி விரிந்தன. பேசும்போதோ மூச்சு விடும்போதோ ஒரு முகத்தைச் சுற்றியுள்ள கட்டம் அப்படித்தான் செய்யும்.

கட்டைவிரலால் கேமராவை அழுத்தி மூடினாள். திரை இருட்டாகியது. மூடினால் முகம் பூஜ்யம், ஒன்று கூட்டி ஒன்றுதான் காட்ட வேண்டும்.

2.

மூலையில் ஒன்று. நடுவில் ஒன்று. நடுவில் இருந்தது முன்பைவிடப் பெரிதாக இருந்தது. முகம் கிட்டே வரவர, கட்டம் பெரிதாகும்.

அவள் இருக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. பக்கத்து இருக்கை அக்கா, அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள், நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?”

சொல்லிவிடலாம். செல்போனை நீட்டி, மூணு காட்டுது அக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அட, அங்க யாரும் இல்ல, இதுக்கா பயப்படற என்று அக்கா முதுகில் தட்டுவாள். அதோடு முடிந்தது. தையற்காரப் பெண்ணிடமிருந்து அவளுக்கு வந்ததும் அப்படித்தானே. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்காவின் மேசையில் இரண்டு பிள்ளைகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கும் படம் இருந்தது.

“தலைவலிக்கா” என்றாள். அக்கா கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கினாள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது: வீட்டில் முகம் பயத்தைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. கணவர் வெளியூர் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் இருப்பது மகள் மட்டும். ஒன்பது வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். அழுகிற யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லாமல் இருக்க முடியாத பிள்ளை. பள்ளியில் விழுந்த குழந்தையை எழுப்பித் தூசி தட்டிவிட்டு, வகுப்புக்குப் பிந்திவந்து திட்டு வாங்குவாள். அந்தக் குணத்தை நினைத்து அவள் பெருமைப்படாத நாளில்லை. இன்று அந்தக் குணம்தான் அவளுக்குப் பயம்.

சிட்டு முன்னறையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் பேசினாள், வழக்கம்போல் பையைப் பிடுங்கித் துழாவினாள். அவளும் வழக்கம்போல் சிரித்தாள். சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

பார்க்கக் கூடாது என்றுதான் வந்தாள். ஆனால் பால் காய்கிற அந்த நேரத்தில், பாத்திரத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வருகிற சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லாதபோது, சன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கி எதிர்வீட்டுச் சுவர் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தபோது, தன் கழுத்தின் பின்பக்கம் மட்டும் கொஞ்சம் சூடாக இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடுப்பு முன்னால் இருந்தது. சூடு பின்னால்.

செல்போனை எடுத்தாள்.

3.

காதுக்கு நான்கு விரல் தள்ளி. அவ்வளவு கிட்டே.

கண்ணை மூடினாள். திறந்தாள்.

4.

கத்தியே விட்டாள். திரும்பினால், சமையலறை வாசலில் சிட்டு.

“என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல. நீ போய்ப் படி.”

“அப்புறம் ஏன் கத்துன?”

“பால் பொங்கிடும்னு பார்த்தேன். போ, கண்ணு. போன்னு சொன்னேன்ல.”

சிட்டு போகவில்லை. அருகில் வந்து எக்கித் திரையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. அம்மாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்ட சந்தோஷம்.

“இதுக்கா பயந்த? நீதானே இதுல வேலை பாக்கற.”

“சிட்டு, பேசாத.”

“அம்மா, அங்க யாரும்...”

வாயைப் பொத்தினாள். விரல்களுக்கு நடுவே மகளின் மூச்சு சூடாகப் பட்டது. பிள்ளை கையை விலக்கிவிட்டு, அம்மாவின் கன்னத்தை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு, பொறுமையாக, அன்பாகச் சொல்லி முடித்தாள்.

“அங்க யாரும் இல்லம்மா. இது வெறும் விளையாட்டு.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கரிந்த வாடை. அதை அணைத்துத் துடைத்து நிமிர்வதற்குள் சிட்டு தன் அறைக்கு ஓடிவிட்டாள்.

கழுத்தில் சூடு இல்லை.

செல்போனைத் தூக்கினாள். 2. முகத்தில் ஒன்று, மூலையில் ஒன்று. ஒரே ஒரு மூச்சு நேரம், வெட்கமில்லாமல், அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

“அம்மா” என்றாள் சிட்டு உள்ளிருந்து. “எனக்கும் மூணு வந்துடுச்சு.”

ஓடினாள்.

சிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, டேப்லெட்டில் அதே விளையாட்டைத் திறந்து மேசைமேல் நிறுத்தி வைத்திருந்தாள். கேமராவில் படாமல் அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்தே திரை தெரிந்தது. மகளின் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம். மூலையில் ஒன்று. மகளின் இடது காதை ஒட்டி மூன்றாவது. மேலும் கீழும் மெல்ல அசைந்தது.

திருப்பி வாங்கிக்கொள்ளலாம். வழிதான் தெரியுமே. அவள் சொன்னால் அவளிடம் வரும். வரட்டும். இனி யாருக்கும் கொடுக்கமாட்டாள்.

“பயப்படாத, கண்ணு” என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. “அங்க யாரும் இல்ல. இது வெறும் விளையாட்டு.”

“தெரியும்மா. ஆனா இன்னும் மூணுதான்.”

“அங்க யாரும் இல்ல.”

“மூணு.”

இரண்டு வருடம். ஒரு நாளைக்கு இருநூறு பேர். படிக்காமலே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள், எத்தனை பேர் அதை நம்பியிருப்பார்கள். தையற்காரப் பெண்ணும் நம்பித்தான் தங்கையிடம் சொன்னார். சிட்டுவும் நம்பித்தான் சொன்னாள். பொய் என்று தெரிந்துகொண்டே சொல்கிறவள் இவள் ஒருத்திதான். நம்பாமல் சொல்வது அதற்குப் போதவில்லை.

“அங்க யாரும் இல்ல.” அழுதாள். “அங்க யாரும் இல்ல, சிட்டு. யாருமே இல்ல.”

திரை ஒருமுறை மினுங்கியது.

“போயிடுச்சும்மா” என்று சிட்டு கை தட்டினாள். “பாரேன், ரெண்டுதான் இருக்கு.”

அவள் பார்த்தாள். ‘இந்த அறையில் இருப்பவர்கள்: 2.’

ஒன்று வலது மேல் மூலையில். இன்னொன்று மகளின் இடது காதை ஒட்டி, காற்றில்.

நடுவில் சிட்டு திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைச் சுற்றிக் கட்டம் இல்லை.