சேற்றைக் கொன்றது யார்?

"ஐயோ...!"

அந்த அலறலில் மலாக்காவின் காஜா பெராங் பகுதியே விழித்துக்கொண்டது.

அலறியவள் பக்கத்து வீட்டு அன்னம்மா. மருதமுத்து வீட்டுக் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகையின் வாசலில், சாரோங்கை இறுக்கிப் பிடித்தபடி வெடவெடத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே...

ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார்! திறந்த கண்கள் கூரையைப் பார்த்தன. உதட்டில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ஆள்காட்டி விரலிலும் அதே கறுப்பு.

மேஜைமேல் மூன்று கண்ணாடி டியூப்கள். ஒன்றின் மூடி மட்டும் கழன்று கிடந்தது.

உள்ளே சேறு. வெறும் சேறு!

"கூமான்! கூமான்!" என்று மலாயில் கத்தினாள் அன்னம்மா. தலைமுறைகளாக மலாயே பேசும் மலாக்காச் செட்டி வம்சத்துப் பெண். தமிழ் அவளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் வராது. வராவிட்டால் என்ன? வேலியோரம் கூடியவர்கள் உடனே மொழிபெயர்த்துவிட்டார்கள்.

"கிருமி! மருதமுத்து மக வளர்த்த கிருமி ஆளைக் கொன்னுடுச்சு!"

இன்ஸ்பெக்டர் கலியாணசுந்தரம் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கோழை அல்ல அவர். காட்டுக்குள் துப்பாக்கிச் சண்டை பார்த்தவர். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்கார அதிகாரி காலி செய்த நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பவர். ஆனால் கண்ணுக்கே தெரியாத எதிரி என்றால் துப்பாக்கியை எந்தப் பக்கம் நீட்டுவது?

"யாரும்மா கமலவேணி?"

"நான்தான் சார். கைக்குட்டையை எடுத்துடுங்க. அது மனுஷங்களை அண்டுற ஜாதி இல்ல."

இருபத்து மூன்று வயது இருக்கும். சிங்கப்பூரில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அழுதிருந்தால் வேலியோரக் கூட்டத்துக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

"செத்தவரு யாரு?"

"பொன்னுதுரை சார். ஈப்போ பக்கம் ஈயச் சுரங்கத்துல மண் பரிசோதிச்சவரு. இப்ப மார்கரீட்டா கப்பல்ல வேலை. ரொம்ப நல்ல மனுஷன்..." அவள் குரல் லேசாக உடைந்தது. உடனே நிமிர்ந்துகொண்டாள். "அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு சார். நீங்க கேளுங்க."

"மார்கரீட்டான்னா... கடல்ல நங்கூரம் போட்டு நிக்குதே, அந்த ஐரோப்பாக் கப்பலா?"

"ஆமா. ஆராய்ச்சிக் கப்பல். கடலுக்கு அடியில, தரைக்கும் கீழ, நீளமான குழாயை இறக்கி மண் எடுப்பாங்க. அந்த மண்ணுக்குள்ள உயிர் இருக்கு சார்."

"மீனா?"

"கண்ணுக்குத் தெரியாத உயிர். நுண்ணுயிர்."

"அதைத்தானே ஊர்ல கிருமிங்கறாங்க!" கைக்குட்டை இன்னும் இறுகியது.

"ஊர்ல ஆயிரம் சொல்வாங்க. அங்க வெளிச்சம் கிடையாது, காத்து கிடையாது, தலைக்கு மேல கடல் அழுத்துது. சாப்பாடுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. யாரும் அதைக் கண்டுக்கவும் இல்ல. அப்படியும் பொழைச்சுக் கிடக்கு! எப்படின்னு உலகத்துல யாருக்கும் சரியாத் தெரியாது. அதைப் பாக்கணும் சார் எனக்கு."

"இதுக்கெல்லாம் சம்பளம் குடுப்பாங்களா?"

"மூணு வருஷம் கப்பல்ல வேலை. அப்புறம் அவங்க ஊர் யூனிவர்சிட்டியில மேல படிக்க இடம். இந்தத் துறையே இப்பத்தான் பொறந்திருக்கு. இதுல முன்னால போறவங்க எழுதறதுதான் புஸ்தகம்! ஆனா ஒரு பரீட்சை வச்சாங்க. போன தடவை வந்தப்ப இந்த மூணு டியூபையும் குடுத்து, நாங்க திரும்பி வர்ற வரைக்கும் உயிரோட வச்சிருந்தா வேலை உனக்குன்னாங்க. அதைப் பாக்கத்தான் பொன்னுதுரை சார் வந்தாரு."

"வந்தவரு எதுக்கும்மா சேத்தைத் தின்னாரு?"

"தின்னல சார். மண் பாக்கறவங்க எல்லாரும் பண்றதுதான். துளி எடுத்துப் பல்லுக்கு நடுவுல வச்சுக் கடிச்சுப் பாப்பாங்க. நரநரன்னா மணல், வழுக்கினா களி. நான் கோப்பி போட உள்ள போனேன். திரும்பி வர்றதுக்குள்ள..."

வாசலில் சைக்கிள் வந்து நின்றது. துறைமுகத்துக்குப் போயிருந்த கான்ஸ்டபிள் நடராஜன் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"ஐயா! கப்பல்ல சொல்லிட்டாங்க. நோய் இருக்கிற வீட்டுலேர்ந்து யாரையும் ஏத்த மாட்டாங்களாம். சாயங்காலம் நங்கூரம் எடுக்கறாங்களாம். நோய் இல்லன்னு போலீஸ் சொன்னா மட்டும் லாஞ்ச் படகு அனுப்புவாங்களாம்!"

கமலவேணியின் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரே கணம்தான்.

"பிணத்தை அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடுமே சார்?"

"வயித்துல இருக்கிறதைச் சிங்கப்பூர் அனுப்பிப் பதில் வர ஒரு வாரம் ஆகும்மா."

"அப்ப சாயங்காலத்துக்குள்ள நாமளே கண்டுபிடிச்சிடலாம்!"

யார் இன்ஸ்பெக்டர் என்று கலியாணசுந்தரத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"கமலா!"

வேலியை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான் ஓர் இளைஞன். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் புது நாட்டின் குட்டிக் கொடி. கருணாகரன். டவுனில் நகைக்கடை வைத்திருப்பவன். கமலவேணிக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை.

"சார், இவ மேல ஒரு குத்தமும் இல்ல. ஊரே கூடாதுன்னப்ப போயிட்டு வான்னு அனுமதி குடுத்தவன் நான். மெர்டேக்கா வந்தாச்சு, இன்னும் பொம்பளையைப் பூட்டி வைக்கலாமா லா?"

இன்ஸ்பெக்டருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. இப்படியும் ஒரு பிள்ளை!

"அனுமதியெல்லாம் இருக்கட்டும்" என்றாள் கமலவேணி. "இன்ஸ்பெக்டர், இந்த டியூப் வாயில ஒரு வெள்ளைத் தாள் தொங்குது பாருங்க."

"ஆமா, வெள்ளையா இருக்கு."

"அதான் தப்பு! கறுப்பா இருக்கணும். உள்ள இருக்கிறதுங்க மூச்சு விட்டா அழுகின முட்டை நாத்தம் வரும். அந்த ஆவி பட்டா இந்த மருந்துத் தாள் கறுத்துப்போகும். தினம் சாயங்காலம் மாத்துவேன், விடியறதுக்குள்ள கறுத்திடும். நேத்து மாத்தினது மட்டும் அப்படியே வெள்ளையா இருக்கு!"

"அப்படின்னா...?"

"அதுங்க நேத்தே செத்துப்போச்சு. செத்த கிருமி எப்படி சார் ஆளைக் கொல்லும்? யாரோ இதுல விஷத்தைக் கலந்திருக்காங்க. இங்க நடந்தது ஒரு கொலை இல்ல, ரெண்டு! முதல்ல சேறு... அப்புறம்தான் மனுஷன்!"

நடராஜன் தலையைச் சொறிந்தான். "ஐயா, ரிப்போர்ட்ல சேத்தையும் காலஞ்சென்றதுன்னு எழுதணுமா?"

"சும்மா இருய்யா!"

கைக்குட்டை இன்ஸ்பெக்டரின் மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது. விஷமா? கலந்தது ஒரு மனிதனா? அப்படியென்றால் துப்பாக்கியை நீட்ட ஒரு திசை இருக்கிறது!

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் கொட்டகைக்குள்ள யாரெல்லாம் வந்தீங்க?"

"இவரு சாப்பிட வந்திருந்தாரு" என்று கருணாகரனைக் காட்டினாள். "அப்பா இருந்தாரு. அவ்வளவுதான்."

"அப்பாவா! சார், மருதமுத்து என்ன சொன்னாருன்னு கேளுங்க!" என்று வேலியோரத்திலிருந்து ஒரு குரல். "அந்தச் சனியனையெல்லாம் ஆத்துல கொட்டிடுவேன்னு நேத்து பஸ் ஸ்டாண்டுல கத்தினாரு!"

செமாபோக் ஊருக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் மருதமுத்து காக்கி உடுப்போடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மெல்ல எழுந்தார்.

"ஆமா, கத்தினேன். கல்யாணமாகாத பொண்ணு ஆம்பளைங்களோட கப்பல்ல போறதா? எனக்குப் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல. ஆனா நான் ஒண்ணும் கலக்கல!"

"கூமானைக் கொல்லணும்னு உங்களுக்குத்தானே வெறி?" இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "நடங்க ஸ்டேஷனுக்கு!"

கருணாகரன் வருத்தத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். "மாமா... நீங்களா?"

"ஒரு நிமிஷம் சார்!"

கமலவேணி விலங்குக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"இப்ப அப்பாவைக் கூட்டிட்டுப் போனா, கிருமின்னு கத்தற ஊரு கத்திக்கிட்டுத்தான் இருக்கும். நான் இங்கேயே கிடக்கணும். ரெண்டு டியூப்ல தாள் வெள்ளை. மூணாவதுல மட்டும் கறுத்திருக்கு. அது உயிரோட இருக்கு. அதை உங்க எல்லார் முன்னாலயும் நான் தின்னு காட்டறேன்!"

"என்னது!"

"பாம்போட விளையாடறவங்களை நம்பறீங்க, என்னை நம்ப மாட்டீங்களா? கிருமி கொல்லாதுன்னு தெரிஞ்சா லாஞ்ச் வரும்ல?"

அவள் விறுவிறுவென்று கொட்டகைக்குள் போய் டியூபை எடுத்தாள். அடுப்படிக்குள் புகுந்து ஒரு கரண்டியோடு திரும்பினாள். டியூபில் மூன்று என்று எழுதிய லேபிள் தெரிந்தது. உள்ளே கன்னங்கரேலென்று கெட்டியாக ஏதோ ஆடியது.

மூடியைத் திருகினாள். கரண்டியை விட்டு ஒரு வாய் எடுத்தாள்.

"வேணாம்மா! கிருமிம்மா அது!" என்று அலறினார் மருதமுத்து.

அன்னம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

கரண்டி உதட்டை நெருங்கியது... இன்னும் நெருங்கியது...

"கமலா, வாயில வைக்காதே! அதுலயும் கலந்திருக்கு!"

கருணாகரன்தான்!

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். அவர் தமிழ் இலக்கணம் படித்து வருஷக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் ஒரு 'உம்' எங்கே வரும், எங்கே வராது என்று அவருக்குத் தெரியும்.

"என்ன சொன்னே தம்பி?"

"கி... கிருமி இருக்கும்னு..."

"கிருமின்னா உங்க மாமா சொன்ன மாதிரி கிருமின்னு கத்தியிருப்பே. கலந்திருக்குன்னே! கலக்கறதுக்கு ஒரு கை வேணும். 'அதுலயும்'னா... மத்த ரெண்டுலயும்னு அர்த்தம். மூணாவது உயிரோட இருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லுது. அதுல விஷம்னு உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

கருணாகரனின் வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"கடையில முலாம் பூசற சயனைடு... சேத்துல இருக்கிறது செத்தா போதும்னுதான் சார் நினைச்சேன்! பரீட்சையில தோத்துட்டா வீட்லயே இருப்பான்னு... மண்ணை ஒரு மனுஷன் வாயில வைப்பான்னு நான் கண்டேனா?"

"போயிட்டு வான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே?" கமலவேணியின் குரல் நடுங்கியது. பயத்தால் அல்ல.

"வேற எப்படிச் சொல்றது? பிற்போக்குவாதின்னு சிரிப்பாங்களே! நீ எப்படியும் போக மாட்டேன்னு நெனச்சுத்தான் சொன்னேன்..."

"கொடி ஏத்தினப்ப தொண்டை கிழிய மெர்டேக்கான்னு கத்தினீங்க. அதுல எனக்கும் பங்கு இருக்குன்னு நம்பினேன் பாருங்க, நான் ஒரு பைத்தியக்காரி! உங்க பொய்க்கு ஒரு நல்ல மனுஷன் செத்துக் கிடக்காரு. அதுக்கப்புறமும் எங்கப்பா கையில விலங்கு ஏறறதைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே!"

விரலிலிருந்த நிச்சய மோதிரத்தைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

"இதையும் சாட்சிப் பொருள்ல சேத்துக்குங்க சார். இதுவும் முலாம்தானோ என்னவோ!"

விலங்கு கை மாறியது. நடராஜன் கருணாகரனை ஜீப்புக்குத் தள்ளிக்கொண்டு போனான். வேலியோரக் கூட்டம் இப்போது கிருமியை மறந்து, அந்தப் பையன் பார்வையே சரியில்லை என்று பேச ஆரம்பித்திருந்தது.

மருதமுத்து மகளின் அருகே வந்தார். தலையைத் தொடக் கை நீட்டினார். தொடவில்லை.

"எனக்கு இன்னும் பிடிக்கல" என்றார். "பெட்டியை எடு. பஸ்ஸைக் கொண்டாறேன்."

இன்ஸ்பெக்டர் கொட்டகையைப் பார்த்தார். "பரீட்சை என்னம்மா ஆகும்? டியூப்ல இருந்ததெல்லாம் செத்துப்போச்சே?"

"ஆராய்ச்சி பண்றவங்க எதையும் ஒரே இடத்துல வைக்க மாட்டாங்க சார். போன மாசமே கொஞ்சம் பிரிச்சு நாலாவது டியூப்ல அடைச்சுக் கிணத்துல இறக்கிட்டேன். அது பாட்டுக்கு நாறிக்கிட்டு நல்லா இருக்கு."

கலியாணசுந்தரம் வாய்விட்டுச் சிரித்தார். அங்கேயே நின்று, இந்த வீட்டில் நோய் இல்லை, நடந்தது கொலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கப்பலுக்கு அனுப்பினார். மூன்றாவது டியூபைச் சாட்சிக்கு எடுக்கத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

டியூபில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது!

"என்னம்மா இது? சயனைடுக்கு எறும்பு வருமா?"

கமலவேணி கரண்டியை எடுத்தாள். எறும்பை ஊதித் தள்ளினாள். லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டாள்!

"ஏய்!" இன்ஸ்பெக்டர் பாய்ந்தார்.

"பயப்படாதீங்க சார், குலா மலாக்கா! நம்ம ஊரு பனைவெல்லப் பாகு. விஷ டியூப் அடுப்படியில பத்திரமா இருக்கு, கறுத்திருக்குன்னு சும்மா சொன்னேன், மூணுலயும் தாள் வெள்ளைதான். இது புது டியூப், லேபிளை மட்டும் மாத்தி ஒட்டினேன்."

கலியாணசுந்தரம் நெற்றி வேர்வையைத் துடைத்தார். பொத்த மட்டுமே பயன்பட்ட கைக்குட்டை, கடைசியில் துடைக்கவும் உதவியது.

"அது சரிம்மா... அவன் கத்தாமலே நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"என்ன பண்றது சார்? பாகுல ஊத்திக்க அன்னம்மாக்காகிட்ட கொஞ்சம் தேங்காப்பால் கேட்டிருப்பேன்!"