உள்ளங்கையில் ஒரு பிறந்த தேதி

பூட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்தில் துப்பறிவது மனைவி, பரபரப்பது கணவர். அவளை எல்லாரும் நிதானம் என்று கூப்பிட்டார்கள். அவருக்குப் பட்டாசு என்று ஏன் பெயர் வந்தது என்பதை அவரோடு ஐந்து நிமிஷம் பேசினால் தெரிந்துவிடும்.

அன்று வந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. நாற்காலியில் உட்காரும் முன்பே அழுதுவிட்டாள்.

"எங்க அப்பா வந்து கையெழுத்துப் போட்டுட்டார்" என்றாள்.

"நல்ல விஷயம்தானேம்மா? இதுக்கா அழறே?" என்றார் பட்டாசு.

"எனக்கு அஞ்சு வயசுல விட்டுட்டுப் போனவர் சார். முகம்கூட ஞாபகம் இல்ல."

அவள் பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகப் போகிறது. அது போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதி போகும், நர்ஸ் படிப்புக்குக் கிடைத்த இடமும் போகும். பதினெட்டு ஆகாதவளுக்குப் புதுப்பித்துத் தரப் பெற்றவரின் சம்மதம் வேண்டும். அம்மா இறந்துவிட்டாள். அம்மா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட பஸ் டிரைவர்தான் வளர்க்கிறார். அவரை இவள் சித்தப்பா என்று கூப்பிடுகிறாள். வளர்த்தவர் கையெழுத்து அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் செல்லாது. கடைசியாக ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று நேற்றுப் போனால், "உங்க அப்பாதான் நேர்ல வந்து சம்மதம் குடுத்துட்டாரே" என்றார்களாம்.

"சித்தப்பாவைக் கேட்டா, 'வேலை முடிஞ்சுதுல்ல, விடும்மா'ங்கறார். போன வாரம் வெளியூர் டூட்டின்னு சொல்லிட்டுப் போனார். டிப்போல கேட்டா லீவுங்கறாங்க. யாரையோ எங்க அப்பான்னு கொண்டுபோய் நிறுத்திட்டாரோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சுதுன்னா என் படிப்பும் போயிடும், அவரையும் ஜெயில்ல போட்டுடுவாங்க."

"ஆள்மாறாட்டம்!" பட்டாசு எழுந்தே விட்டார். "நெருப்பில்லாம புகையுமா?"

"நீங்க கொஞ்சம் புகையாம உட்காருங்க" என்ற நிதானம், அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பெண்ணின் ரசீதோடு கணவனும் மனைவியும் தூதரகத்துக்குப் போனார்கள். கவுன்ட்டரில் இருந்த அம்மாளுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும்.

"மறக்க முடியுமா அந்த ஆளை? பேப்பரெல்லாம் சரியாத்தான் இருந்தது. வெள்ளைச் சட்டை, நல்லா தேய்ச்சது, ஆனா அவருக்குச் சின்னது, கழுத்தே பூட்டல. அதுல ஒரு பித்தான் மட்டும் பச்சை நூல்ல தெச்சிருந்தது. கிட்ட வந்தா மீன் வாடை. பொண்ணு பிறந்த தேதியைக் கேட்டா, உள்ளங்கையை விரிச்சுப் பார்த்துப் படிக்கறார்!"

படியிறங்கும்போதே பட்டாசு வெடித்தார். "பெத்த பொண்ணு பிறந்த தேதி தெரியாதவன் அப்பனா? கேஸ் முடிஞ்சுது!"

"முடிஞ்சுதுங்க. நீங்க சொல்ற மாதிரி இல்ல" என்றாள் நிதானம்.

அன்று சாயங்காலம் இருவரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் கிடந்த ஆண் செருப்பின் ஓரத்தில் காய்ந்த மீன் செதில் ஒட்டியிருந்தது. இந்த ஊரில் மீன் சுத்தம் செய்து பெட்டியில்தான் வரும்; கடலுக்கு ஒரு நாள் பஸ் பயணம். டிரைவர் காப்பி கொண்டுவந்தார். நீலச் சீருடையின் கைப்பித்தான் சிவப்பு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பித்தானை நீங்களே தெச்சுப்பீங்களா?" என்று கேட்டாள் நிதானம்.

"ஆமாங்க. கைக்கு எந்த நூல் வருதோ அது."

"பச்சை நூல் போட்ட வெள்ளைச் சட்டை எங்கேங்க?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நிதானம் அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "லீவு போட்டுட்டு இவர் போனது கடலோரத்துக்கு. மீன்பிடித் துறைமுகத்துல வேலை செய்யற உங்க அப்பாவைத் தேடிக் கண்டுபிடிச்சு, தன் நல்ல சட்டையை அவருக்கு மாட்டிவிட்டுக் கூட்டிட்டு வந்திருக்கார். வந்தது உங்க அப்பாவேதான்."

"தேதியே தெரியலையே!" என்றார் பட்டாசு.

"அதனாலதாங்க சொல்றேன். வேஷம் போட வர்றவன் அந்தத் தேதியைத்தான் முதல்ல உருப்போடுவான். கையில எழுதிக்கிட்டு வந்து நிக்கறவன் மறந்துபோன அப்பனாத்தான் இருக்கணும்." அவள் டிரைவரைப் பார்த்தாள். "எழுதிக்கச் சொல்லி தேதி சொன்னது நீங்கதானே?"

"ஆமாங்க. விடிகாலைல பிறந்தா, நல்ல மழையாம். இவ அம்மா சொல்லியிருக்கா. அதையும் சொன்னேன், அவன் எழுதிக்கல."

"ஏன் சித்தப்பா எங்கிட்ட சொல்லல?" என்றாள் அந்தப் பெண்.

"அவன் மாட்டேன்னுட்டா நீ ரெண்டாவது தடவை அழுவியேம்மா. ஒரு தடவை போதும்னு நெனச்சேன். வந்த பிறகு, உன் முகத்துல முழிக்க வெக்கமா இருக்கு, சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டான்."

"சட்டப்படி அவர் உன்னைத் தன்கூட அழைச்சுட்டும் போயிருக்கலாம்" என்றாள் நிதானம். "அது தெரிஞ்சும் இவர் போய்க் கூப்பிட்டிருக்கார்."

அந்தப் பெண் எழுந்து போய் டிரைவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பட்டாசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காப்பி சூடு என்று காப்பியின் மேல் பழி போட்டார். அது எப்போதோ ஆறியிருந்தது.

பாஸ்போர்ட் கிடைத்து, நர்ஸ் படிப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆனதும், அந்தப் பெண்ணும் டிரைவரும் அதைக் காட்ட மாடியேறி வந்தார்கள். டிரைவர் புது வெள்ளைச் சட்டையில் இருந்தார்.

"படிப்புல குடுக்கற முதல் மாச ஸ்டைபண்ட் பணத்துல வாங்கிக் குடுத்தா மேடம். கடைக்காரன் தெச்ச பித்தானை ஒண்ணு விடாம பிரிச்சு, எல்லாத்தையும் பச்சை நூல்ல தெச்சு வெச்சிருக்கா. டிப்போவே சிரிக்குது." முகம் கொள்ளாத பெருமையோடு குறைபட்டுக்கொண்டார்.

அந்தப் பெண் அவர் காலரை நேராக்கிவிட்டாள்.

"நீங்க தொலைஞ்சு போனா நான் கண்டுபிடிக்க வேண்டாமா, அப்பா?"