பெயர் சொல்லாத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், பவானிபூரில் வைத்தீஸ்வரன் வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். கிராமபோன் பெட்டி இருக்கிற வீடாயிற்றே! ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆண்ட காலம் அது. கல்கத்தாவில்கூட எல்லார் வீட்டிலும் பாட்டுப் பெட்டி கிடையாது.

என்ன பாட்டு வைப்பது என்பது அவருடைய பத்து வயது மகள் பாகீரதியின் இஷ்டம். பழைய சாமான் கடையில் யாரும் சீந்தாத பாட்டுப் பிளேட்டுகளாகப் பார்த்து அப்பா வாங்கி வருவார். ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு வங்காளிப் பாட்டு, நடுவில் வெள்ளைக்காரர்களின் பாண்டு என்று அவள் கலந்து கட்டி வைப்பாள்.

"என்னடி இது, கதம்பம் மாதிரி!" என்று எதிர்வீட்டுக் காமு மாமி கேலி செய்வாள். ஆனால் முதல் ஆளாக வந்து உட்காருவதும் அவள்தான். மாமி காதில் ஒன்று விழுந்தால் மறுநாள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பாகீரதி புதிதாக வந்த பிளேட்டைப் போட்டுப் பார்த்தாள். யாரோ ஒரு பெண் வங்காளியில் பாடினாள். அடேயப்பா, என்ன குரல்! பாகீரதி பெட்டிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்துப் பாடகிகள் பாட்டு முடிந்ததும் பிளேட்டிலேயே தங்கள் பெயரைச் சொல்வார்கள். இவளும் சொன்னாள்: "மை நேம் இஸ் கிரண்பாலா!"

வாசலில் ஏதோ விழுந்து உருண்டது. இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், பாகீரதி மாஷி என்று கூப்பிடுகிறவள், முகம் வெளுத்து நின்றிருந்தாள். மாஷியின் பெயர் கிரண்பாலா.

"மாஷி! நீங்களா பாடினது?"

"சத்தம் போடாதே, அம்மா! பிளேட்டில் பாடியவள் என்று தெரிந்தால் வீட்டுச் சொந்தக்காரர் என்னைக் காலி செய்யச் சொல்லிவிடுவார். எனக்குப் போக வேறு இடம் இல்லை."

அன்றைக்கு ஊர் அப்படித்தான் இருந்தது. பாட்டு மட்டும் வேண்டும், பாடியவள் வேண்டாம். என்ன நியாயமோ!

பாகீரதி பிளேட்டை உறையில் போட்டாள். மாஷி போகவில்லை.

"இன்னொரு தரம் வைக்கிறாயா? நான் இதைக் கேட்டதே இல்லை."

பாகீரதி வைத்தாள். மாஷி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "நன்றாகத்தான் பாடியிருக்கிறேன், இல்லை?" என்றாள் மெதுவாக.

"நாளைக்கு நாலு பேர் கேட்கட்டுமே மாஷி. பேர் வராம நான் பார்த்துக்கறேன்."

மாஷி உருண்டு கிடந்த சல்லடையை எடுத்து வைத்தாள். பிறகு சரி என்று தலையை ஆட்டினாள்.

சொல்வது சுலபம்! பாட்டு முடிவதற்கும் பெயர் வருவதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்தான். அவசரப்பட்டால் பாட்டு அறுந்துபோகும். அசந்தால் மாஷியின் வீடு போய்விடும். அந்த நடுவில் ஊசியைத் தூக்க, பாகீரதி கை வலிக்க வலிக்கப் பழகினாள்.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. அந்தப் பாட்டு தொடங்கியதும் பேச்சு நின்றது. கடைசி வரி வந்தது. பாகீரதி பெட்டி மேல் குனிந்தாள். சட்டென்று ஊசியைத் தூக்கினாள்.

காமு மாமி தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏண்டி, பேர் சொல்றதுக்குள்ளே ஊசியை எடுத்துட்டியே! யாருடி இவ?"

"பாட்டு பிடிச்சுதோல்லியோ மாமி? பேர் எதுக்கு?"

"பிடிச்சுதாவது! இன்னொரு தரம் வைடி!"

அப்போதுதான் வாசலோரம் நின்ற மாஷியை மாமி பார்த்தாள். "எஷோ, எஷோ! உள்ளே வா, ஏன் அங்கேயே நிற்கிறாய்?" என்று கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள்.

பாட்டு மறுபடி ஒலித்தது. மறுபடியும் ஊசி சரியான நேரத்தில் எழுந்தது.

காமு மாமி பெருமூச்சு விட்டாள். தனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளியில் மாஷியிடம் சொன்னாள்: "இப்படிப் பாடுகிறவளை நேரில் ஒரு தடவை பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், இல்லையா?"

"ஆமாம்" என்றாள் மாஷி. பாகீரதி சிரிப்பை அடக்க முடியாமல், அவசர அவசரமாகப் பெட்டிக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்தாள்.