தலேர் கடித்த ரொட்டி

சமையலறைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. ரொட்டி இல்லை.

இரண்டு கோடைகளாக அங்கே தொங்கிய ரொட்டி. பயணம் புறப்படுகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவார்; அவர் வந்து தின்னும்வரை மிச்சம் சுவரில் காத்திருக்கும். அண்ணன் தலேர் கடித்துவிட்டு மலையேறினான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

சவ்சன் வியாழக்கிழமைக்கான பட்டியலை எழுதியபடியே சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள். கயிறு, தேயிலை, ஏரிவரை ஜீப். சனிக்கிழமை விமானம்; ஜெர்மனியில் நர்ஸ் வேலை. அதற்குள் ஒருமுறை ஏறி, அண்ணனை விழுங்கிய பனிச்சரிவிடம் சொல்லிக்கொண்டுவிட்டால் போதும். பிறகு இந்தப் பஞ்சகெந்த் ஊர்ப் பக்கமே திரும்பக் கூடாது.

"ஜீப்காரன்கிட்ட நான் பேசுறேன். நீ பேசினா ஜீப்பையே உன் தலையில கட்டிருவான்," என்றாள் அம்மா.

சந்தையில் முலாம்பழம் விற்ற வாய்தான். ஆனால் இரண்டு வருடமாகக் கேலி பேசாத வாய்.

"அம்மா, ரொட்டி எங்க?"

"உன் கிண்ணத்துல."

கரண்டி நின்றது. கொத்தமல்லிக்கும் ஆட்டுக் கொழுப்புக்கும் அடியில், நாக்கில் இப்போதுதான் பழைய அடுப்புப் புகையின் ருசி உறைத்தது.

"ரெண்டு வருஷமா ஆளை இழு இழுன்னு இழுத்த ரொட்டிடி. அவன் வரல. அந்த இழுப்பு வீணாப் போகலாமா? இனி நீ எந்த நாட்டுக்குப் போனாலும் வந்துதான் ஆகணும்."

"அது அவனோடதும்மா!"

"வராதவனுக்கு எதுக்குடி?"

வெளியே தகரக் கூரைமேல் முசுக்கட்டைப் பழங்கள் உதிரும் ஓசையும், பக்கத்து வீட்டு வானொலியும், மதிய வெயிலில் குரைத்துக்கொண்டிருந்த நாயும் ஒவ்வொன்றாக அடங்க, கதவிடுக்கு வழியே ஈரக் கம்பளி வாடையோடு ஒரு குளிர் தரையில் ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைச் சுற்றியது.

வாசற்படியில் பூட்ஸைத் தட்டும் ஓசை. இரண்டு தட்டு. பனியை உதறுகிற தட்டு. தலேரின் பழக்கம்.

ஜூலையில் ஏது பனி?

சவ்சன் விரலைத் தொண்டைக்குள் விட்டாள். குமட்டியது. வரவில்லை. மறுபடி விட்டாள். வரவில்லை.

கதவு திறந்தது.

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே சுவருக்குப் போனான். வெறும் ஆணியைத் தடவினான். மோப்பம் பிடித்தபடி திரும்பினான்.

"ராசா... வேற சுட்டுத் தரேன். ஒண்ணுக்குப் பத்தாத் தரேன்," என்றாள் அம்மா. "பத்து வேணாமா? நூறு!"

அவன் காதில் விழவில்லை.

பனி இறுகிய விரல்கள் சவ்சனின் உதடுகளைத் தொட்டன. மெதுவாகப் பிரித்தன.