அப்பீல் முடியும் வரை சாகாதே!

டெலிபோன் அலறியது!

மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம். அப்பீல் பிரிவு. அரசு வக்கீல் லோரெட்டா க்வின் ரிசீவரை எடுத்தாள்.

"லோரெட்டா... உன் கைதி ரென்ஃப்ரோ காலி!"

பேசியது சிவில் பிரிவு வக்கீல் டெல்பர்ட்.

"என்ன உளர்றே?"

"ஜெயில்ல காலையில காபி குடிச்சான். வாயில நுரை... அவ்வளவுதான். விஷம்!"

"அடப்பாவமே!"

"அவன் குடும்பம் நஷ்டஈடு கேட்டா ஜெயிலுக்காக வாதாடறது என் தலையெழுத்து. விஷம் வச்சவனைப் பிடிச்சு உள்ள தள்றது கிரிமினல் பிரிவு பாடு. உனக்குத்தான் ஜாலி... கேஸே கிடையாது!"

கேஸே கிடையாது... அதுதானே பயம்!

லோரெட்டா ரிசீவரை வைத்தாள்.

கதவு தட்டப்பட்டது.

எல்மர் டுகன். கோதுமை விவசாயி. அவருடைய ஒரே மகள் ஷெல்பியைக் கழுத்தை நெரித்துக் கொன்றவன்தான் ரென்ஃப்ரோ. ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. அவன் அப்பீல் போனான். அந்தத் தீர்ப்பைக் காப்பாற்றுவது லோரெட்டாவின் வேலை. மாதம் தவறாமல் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, கேஸ் எப்படிப் போகிறது என்று கேட்டுவிட்டுப் போவார் பெரியவர்.

"வக்கீலம்மா, லவங்கப்பட்டை போட்ட ரொட்டி. சூடா இருக்கு, சாப்பிடுங்க."

"உட்காருங்க எல்மர்... ரென்ஃப்ரோ செத்துட்டான்."

"ஓ..."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒழிஞ்சான்! இனிமே நிம்மதியாத் தூங்குவேன்."

"இல்ல எல்மர்... அப்பீல் இன்னும் முடியல."

"செத்தவனுக்கு என்னம்மா அப்பீல்?"

"நம்ம மாநிலச் சட்டம் அப்படி. அப்பீல் முடியறதுக்குள்ள கைதி செத்தா... தீர்ப்பே ரத்து!"

"புரியல."

"ஜூரி சொன்னது செல்லாது. சட்டப்படி அவன்... நிரபராதி."

எல்மரின் முகம் வெளுத்தது.

"அப்போ என் ஷெல்பியைக் கொன்னது?"

"கோர்ட்டைப் பொறுத்தவரைக்கும்... யாருமில்ல."

பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் மகளைப் பறிகொடுத்தவனாக இருந்திருக்க மாட்டான்!

"குற்றவாளிங்கற அந்த ஒத்த வார்த்தைதானேம்மா எனக்கு மிச்சம்! ஏன் முன்னாடியே சொல்லல?"

"முப்பது வயசுப் பையன்... சாவான்னு யாரு நெனச்சா?"

"நான் நெனச்சேன்!"

லோரெட்டா உறைந்தாள்.

"அப்பீல்ல விடுதலை ஆயிடுவானோன்னு பயந்துட்டேன்மா. விஷம் நான் வாங்கினது. கலந்தவன் பேரை மட்டும் கேட்காதீங்க."

"பேசாதீங்க எல்மர்!" கெஞ்சினாள். "நான் உங்க வக்கீல் இல்ல... அரசாங்க வக்கீல்! இதை என்னால மறைக்க முடியாது!"

"மறைக்க வேணாம். கிரிமினல் பிரிவைக் கூப்பிடுங்க."

லோரெட்டா அழுதுகொண்டே ரிசீவரை எடுத்தாள்.

"நல்ல வக்கீலா வச்சுக்கோங்க எல்மர். தண்டனை கிடைச்சாலும் அப்பீல் போகலாம்..."

"ஐயையோ, அது மட்டும் வேணாம் வக்கீலம்மா! வயசானவன்... பாதியில செத்துத் தொலைச்சா, நானும் நிரபராதி ஆயிடுவேன்!"