முந்நூறு சிலேட்டும் ஒரே கரண்டியும்

"தீதி, என் சிலேட்டு திரையில எப்போ வரும்?"

பக்கத்து வீட்டு மாதவுக்கு நாலு வயது. மஹிமா அவனுக்கு 'தீதி', அதாவது அக்கா. இதோடு ஏழாவது தடவை கேட்டுவிட்டான்.

"ஆறு மணிக்குடா," என்றாள் மஹிமா. இப்போதே மணி ஐந்து.

கொல்கத்தாவின் பெஹாலாவில் அன்று சரஸ்வதி பூஜை. காலையில் குட்டிப் பிள்ளைகள் பந்தலில் உட்கார்ந்து சிலேட்டில் முதல் எழுத்து எழுதினார்கள். அந்தச் சிலேட்டுகளை எடுத்த படங்கள் மொத்தம் முந்நூறு. அவற்றைப் பெயர்களோடு வீடியோவாக்கி மாலையில் தெருக் கிளப்பில் காட்ட வேண்டும். "நான் செஞ்சு தரேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் மஹிமாதான்.

கணினியோ, "இன்னும் இரண்டு மணி நேரம்" என்றது.

கணினிக்குள் நான்கு கோர்கள் உண்டு. நாலு வேலையாட்கள் மாதிரி. படங்களை நாலு பங்காகப் பிரித்துத்தான் கொடுத்திருந்தாள். அப்படியும் ஒரே ஆள் செய்கிற வேகம்தான் வந்தது. ஏன் என்று புரியவில்லை. அழுகை முட்டியது.

கணினி இருந்தது அம்மா ஜலஜாவின் டிபன் கடை மூலையில்.

"இன்னிக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாதுன்னியே, இதை மட்டும் தொடலாமா?" என்றாள் அம்மா. அவள் நிலைமையும் திண்டாட்டம்தான். "நாலு அடுப்பு, நாலு பேர். தோசை மட்டும் வர மாட்டேங்குது!"

மஹிமா எட்டிப் பார்த்தாள். நாலு கல்லும் காய்ந்து புகைந்தன. மாவு ஒரே அண்டாவில். கரண்டியும் ஒன்றுதான். ஒருவர் ஊற்றும்வரை மற்ற மூவரும் சும்மா நின்றார்கள்.

"அம்மா, மாவை நாலு பாத்திரத்துல பிரிச்சுக் குடும்மா. ஆளுக்கொரு கரண்டி!"

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ! நானும் இதே தப்பைத்தானே பண்ணியிருக்கேன்!"

நாலு பங்கும் ஒரே வீடியோவில் எழுதுவதற்காக ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்தன. பங்குக்கு ஒரு வீடியோ கொடுத்தாள். கடைசியில் நாலையும் ஒட்டிக்கொள்ளலாம். அவசரத்தில் இரண்டு முறை தப்பாகத் தட்டினாள்.

"இன்னும் முப்பது நிமிடம்."

மணி ஐந்து இருபது. அந்த முப்பது நிமிடமும் அவள் உட்காரவே இல்லை.

நாலையும் ஒட்டி, பென்டிரைவோடு கிளப்புக்கு ஓடியபோது மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாதவின் 'அ'வும் வந்தது. அதன் வால் சிலேட்டைத் தாண்டியே போயிருந்தது.

"என்னுது! என்னுது!" நாற்காலியில் ஏறிக் கத்தினான்.

மஹிமாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

முந்நூறும் முடிந்ததும் யாரோ அவள் கையை இழுத்தார்கள்.

"தீதி, மறுபடியும் முதல்லேருந்து!"